ஸ்டெல்லாவின் கணக்குகளுக்குக் காவல்

கணக்குப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதும் ஓர் உத்தியோகம்தான் என்று எனக்கு முதலில் சொன்னவர் எதிர்வீட்டு லில்லி அக்கா. என் மூத்த மகள் ஸ்டெல்லா நுழைவுப் பரீட்சையில் முதல் தடவை தோற்ற வருஷம், நீலசந்திராவில் எங்கள் தெருக் குழாயடியில், குடம் நிரம்புவதற்குள் சொன்னார். "கணக்கே வரலைன்னா வாத்தியார்கிட்ட அனுப்பு, தெரேசா. வந்தும் அவசரத்துல தப்பாப் போடுதுன்னா அவர் என்னத்தைச் சொல்லித்தருவார்? நீ போய்ப் பக்கத்துல உட்காரு." அவர் மகன் அப்படித்தான் தேறியிருந்தான்.

சம்பளமும் இல்லை, லீவும் இல்லை. இந்த உத்தியோகம் பார்த்த அம்மாமார்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஸ்டெல்லா எழுதவேண்டியது கட்டட வரைபடம் போடக் கற்றுத்தரும் ஒரு பயிற்சிப் பள்ளியின் பரீட்சை. முக்கால் மணி நேரம், முப்பது கணக்கு. இந்தத் தடவையும் தவறினால் வயசு தாண்டிவிடும். பிறகு என்னோடு உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டுவதுதான். அந்த வேலையில் கேவலம் ஒன்றுமில்லை, அதுதான் எங்களுக்குச் சோறு போட்டது. ஆனால் ஒரு வீட்டைப் பார்த்தாலே அதன் சுவர்களெல்லாம் கோடு கோடாகக் கண்ணில் தெரிகிற பிள்ளை அவள்.

மாதாவை ஓட விட்டது

வீட்டில் இருந்த ஒரே கடிகாரம் என் வீட்டுக்காரரின் கையில் கட்டியிருந்தது. அது அவரோடு காலையில் தச்சுப் பட்டறைக்குப் போய்விடும். நேரம் பார்க்காமல் போட்டுப் பழகுகிற கணக்கு பரீட்சைக்கு உதவாது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், நான் ஜெபமாலை சொல்ல, அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் நிதானமாகச் சொன்னால் மூன்று மாலைக்கு முக்கால் மணி. அன்றிலிருந்து நான் முதல் மணியைத் தொட்டால் ஸ்டெல்லா பென்சிலை எடுப்பாள், மூன்றாவது மாலை முடிந்தால் கீழே வைப்பாள். ஜெபத்தை இப்படி அளவுகோலாக்கலாமா என்று எனக்கு உறுத்தத்தான் செய்தது. பங்குச்சாமியாரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, "ஜெபம் குறையாத வரைக்கும் சரி" என்றார்.

ஒருநாள் முப்பதில் பதினெட்டுதான் முடித்திருந்தாள், அதிலும் பாதி தப்பு. இவளுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தால், பாவம், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பரீட்சை நெருங்க நெருங்க என் வாய்தான் வேகமெடுத்திருக்கிறது! அவள் கோபப்படவில்லை. பென்சிலை வைத்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா, நீ மாதாவையே ஓட விடுறே. கொஞ்சம் நடக்க விடும்மா."

மூடாத கதவு

அடியும் அங்குலமும் போய் மீட்டர் வந்துகொண்டிருந்த காலம் அது. பள்ளிக்கூடத்தில் எல்லாம் பத்துப் பத்தாக ஏற்றச் சொல்லிக்கொடுத்தார்கள். பரீட்சையிலோ பழையதும் வரும், புதியதும் வரும். நிதானமாக இருக்கும்போது ஸ்டெல்லாவுக்கு இரண்டும் தண்ணீர் பட்ட பாடு. நேரம் ஓடுகிறது என்று தெரிந்தால் போதும், கை தானாகப் பத்துக்குப் போய்விடும். மூன்று அடி எட்டு அங்குலத்தையும் இரண்டு அடி ஏழு அங்குலத்தையும் கூட்டி, ஆறு அடி ஐந்து அங்குலம் என்று எழுதிவைத்திருந்தாள். பன்னிரண்டுக்கு ஏற்றினால் மூன்று அங்குலம்தானே வரவேண்டும்?

சாப்பாட்டுத் தட்டோடு வந்து எட்டிப்பார்த்தார் அவள் அப்பா. திட்டுவார் என்று நான் பயந்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "ரெண்டு அங்குலம் கூடுதல். இந்த அளவுல கதவு செஞ்சு மாட்டணும்னா நான் வீட்டுக்காரனோட சுவரை இடிக்கணும், மகளே."

அவளும் சிரித்தாள். ஆனால் அதோடு விடவில்லை. மறுநாளிலிருந்து எந்தக் கணக்கைத் தொடுவதற்கு முன்னாலும், அதன் தலைமேல் சின்னதாகப் பத்து அல்லது பன்னிரண்டு என்று எழுதிவிட்டுத்தான் ஆரம்பித்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தன் கை எங்கே சறுக்கும் என்று தானே பார்த்து அங்கே ஒரு கல்லை வைத்துக்கொண்டாள். அந்த வயசில் எனக்கு அந்தப் புத்தி இருந்ததா என்றால், இல்லை.

தொட்டியில் இருந்த தண்ணீர்

கேள்வித்தாள் இங்கிலீஷில். நானோ தமிழில் ஐந்தாவதோடு நின்றவள். அதனால் என் பங்குக்கு ஒன்றே ஒன்று செய்தேன். அவள் போட ஆரம்பிப்பதற்கு முன், "என்னடி கேட்கிறான்?" என்பேன். அவள் தமிழில் சொல்லவேண்டும். முதல் வாரம் அவளுக்கு எரிச்சலான எரிச்சல். "உனக்குப் புரியாதும்மா, நேரம் போகுது!" என்று கத்துவாள். நான் மணியை நகர்த்தாமல் காத்திருப்பேன்.

ஒருநாள் தண்ணீர்த்தொட்டிக் கணக்கு. அன்று நான் கேட்பதற்குள் முடித்துவிட்டாள். வழிகூடச் சரி, பெருக்கலும் சரி. "என்ன கேட்டான்?" என்றேன். "தொட்டியில எவ்வளவு..." என்று ஆரம்பித்தவள் நின்றுவிட்டாள். தொட்டி நிறைய இன்னும் எவ்வளவு வேண்டும் என்று கேட்டிருந்தான். இவள் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்று எழுதியிருந்தாள். போன வருஷம் இப்படி எத்தனை போனதோ என்று நினைத்தாளோ என்னவோ, முகம் சுண்டிப்போயிற்று. மெதுவாகக் கேட்டாள்: "அங்கே நீ பக்கத்துல இருக்கமாட்டியே, அம்மா. அப்போ யாரு கேட்பா?"

அன்றிலிருந்து அவளே உதட்டை அசைத்துக் கேட்டுக்கொள்ளப் பழகினாள்.

வாசலில் நின்றவள்

பரீட்சை நாளில் பள்ளிக்கூடத்தின் இரும்புக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே போன பெண்பிள்ளைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். என் உதடு ஓயாததைப் பார்த்து வாட்ச்மேன் கன்னடத்தில் கேட்டார்: "ஏனம்மா, பரீக்ஷே நிம்தா, மகள்தா?" பரீட்சை உங்களுக்கா மகளுக்கா என்கிறார். இரண்டு பேருக்கும்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

பிள்ளைகள் வெளியே வந்தார்கள். பக்கத்தில் நின்ற அம்மாளின் மகன் முப்பதும் போட்டுவிட்டேன் என்று குதித்தான். ஸ்டெல்லா நாலு கணக்கைத் தொடவே இல்லை என்றாள். "நாலா? நேரம் பத்தலையா?" என்றேன். "இருந்துச்சு. அதுல போட்டதையெல்லாம் திரும்பப் பார்த்தேன். மூணு தப்பு மாட்டுச்சு" என்றாள். போன வருஷம் முப்பதும் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தவள் இவள்தான். இந்தத் தடவை சிரிக்கவில்லை, அழவும் இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் சொன்னாள்: "தேறினா சரி, தேறாட்டி உன்னோட பத்தி உருட்டுறேன். ஆனா இந்தத் தடவை அவசரப்பட்டுத் தோத்தேன்னு யாரும் சொல்ல முடியாதும்மா."

தேறினாள். ஊதுபத்தி உருட்டியிருக்க வேண்டிய கையால் அந்த ஆடி மாதமே வரைபலகையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

நான் பார்த்த உத்தியோகத்தில் வாயை மூடிக்கொண்டு உட்காருவதுதான் பாதி வேலை, அதில்தான் நான் அதிகம் தப்புச் செய்தேன். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இப்போது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால், அது முடிக்கிற வரைக்கும் அடுக்களையில் பாத்திரத்தை மட்டும் கொஞ்சம் மெதுவாக வையுங்கள்.