அம்மாவின் நகம் நின்ற இடம்

பிள்ளைகளா, நேற்று போனில் ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதில் ஒரு போலீஸ்காரர் வெடித்த தோட்டாவைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, இது எந்தத் துப்பாக்கியில் சுட்டது என்று சொன்னார். "இதெல்லாம் படிச்சவங்களுக்குத்தான் தெரியும், இல்லப்பா?" என்று சின்னவள் கேட்டாள். பேசுவதைவிட எழுதினால் எனக்குக் கொஞ்சம் ஒழுங்காக வரும், அதனால் எழுதுகிறேன். கண்ணாடி இல்லாமல், கையெழுத்துப் போடக்கூடத் தெரியாமல், கட்டைவிரல் நகத்தாலேயே அதைச் சொன்ன ஒருத்தர் நம் வீட்டில் இருந்தார். என் அம்மா.

அப்போது நாங்கள் தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தோம். எனக்கு எட்டு வயது. அம்மா கொழுந்து எடுத்தார். அப்பா தோட்டத்துக் காவல்காரர். காட்டுப்பன்றி வந்து தேயிலை நாற்றுப் பாத்திகளைக் கிண்டினால் விரட்டுவதற்கு ஆபீசில் ஒரு பழைய ரைபிள் இருந்தது. அதைத் தூக்கிப் போகிறவர் அப்பா ஒருத்தர்தான். ஆனால் ஒரு சட்டம் உண்டு. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு ஒவ்வொன்றும் ஆபீசில் இருக்கிற பிஸ்கட் டின்னுக்குத் திரும்பி வரவேண்டும். கூடு வராவிட்டால் அடுத்த தோட்டா கிடையாது.

ஒரு நாள் அப்பா சட்டைப்பையில் இரண்டு கூடு கொண்டு வந்தார். ஒன்றை நான் எடுத்துவிட்டேன். அதன் வாயில் உதட்டை வைத்து ஊதினால் பெக்டரிச் சங்கு மாதிரிச் சத்தம் வரும். அதுதான் என் ஊதி. அப்பா பாவம், அது விழுந்துவிட்டதென்று நினைத்து நாற்றுப் பாத்திப் புல்லில் முட்டிபோட்டுத் தேடினார். காணவில்லை என்று ஆபீசில் சொல்லித் திட்டும் வாங்கினார். நான் வாயைத் திறக்கவில்லை. ஆள் இல்லாத பக்கம் போய் ஊதுவதற்கு மட்டும் திறந்தேன்.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். காட்டை ஒட்டிய மலையில் யாரோ ஒரு மரையை, பெரிய காட்டுமானை, சுட்டு, அறுத்து, இறைச்சியைக் கொண்டு போயிருந்தார்கள். தலையும் தோலும் கிடந்தன. பக்கத்தில் ஒரு பித்தளைக் கூடு. எங்கள் ரைபிள் தோட்டாவின் அதே அளவு.

மறுநாள் காலைப் பெரட்டில், எல்லாரும் வேலைக்குப் பேர் கொடுக்க வரிசையாக நின்ற நேரம், ஆபீஸ் பெரிய கிளாக்கர் அந்தக் கூட்டைத் தூக்கிக் காட்டினார்.

"காணாமப் போச்சுன்னு சொன்னியே, இந்தா. மரைக்குப் பக்கத்துல கெடந்துச்சு."

"நான் சுடலீங்க," என்றார் அப்பா. பக்கத்தில் நின்ற துரை, தோட்டத்தை நடத்துகிறவர், போலீசுக்குச் சொல்லப் போவதாகச் சொன்னார். போலீஸ் வந்தால் வேலை போகும். வேலை போனால் லயத்தில் நாங்கள் குடியிருந்த காம்பராவும் போகும். அம்மாவோடு வந்து நின்ற என் காற்சட்டைப் பையில் அந்த ஊதி இருந்தது. எடுத்துக் கொடுத்தால் அப்பா தப்பிவிடுவார். கை பைக்குள் போனது. வெளியே வரவில்லை.

அப்போது முதுகில் கூடையோடு அம்மா வரிசையை விட்டு முன்னால் போனார்.

"அத இப்பிடிக் குடுங்கய்யா, பாப்போம்."

"வாங்க டாக்டரம்மா," என்றார் கிளாக்கர். "தோட்டாவுக்குக் காய்ச்சல் இருக்கான்னு பாருங்க." பெரட்டே சிரித்தது.

அம்மா கூட்டைச் சேலைத் தலைப்பில் துடைத்து, நகத்தை அதன்மேல் மெதுவாகச் சுற்றி ஓட்டினார். தோட்டத்து மாரியம்மன் கோயில் விளக்குகளைப் புளி போட்டுத் துலக்குகிறவர் அவர்தான். பித்தளையில் எது அழுக்கு, எது கீறல் என்று அந்த விரலுக்குத் தெரியும். ஓரிடத்தில் நகம் நின்றது.

"இது நம்ம ஆபீஸ் துப்பாக்கியில வெடிச்சது இல்லீங்க. இதுல நீளமா ஒரு கோடு ஓடுது. நம்ம துப்பாக்கிக் கூடு வழுவழுன்னு இருக்கும்."

"கல்லுல பட்டுக் கீறியிருக்கும், போம்மா."

"கீறினா பள்ளமால்ல இருக்கும்? இது மேடுங்கய்யா, தடவிப் பாருங்க. பணியாரக் குழியில கீறல் விழுந்தா பணியாரத்துல மேடா ஏறி வருமே, அது மாதிரி. இத வெடிச்ச துப்பாக்கிக்கு உள்ளுக்குள்ள கீறல் இருக்கு. வெடிச்ச வேகத்துல பித்தளை உப்பி அதுக்குள்ள ஏறியிருக்கு."

கிளாக்கர் தடவிப் பார்த்தார். சிரிப்பு நின்றுபோனது. துரை டின்னைக் கொண்டுவரச் சொன்னார். அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கூட்டிலும் நகத்தை ஓட்டினார். ஒன்றிலும் நிற்கவில்லை.

கிளாக்கர் விடுகிற ஆள் இல்லை. "கீறல் இப்பத்தான் புதுசா விழுந்திருந்தா?"

"அப்ப இன்னைக்கும் இருக்கணுமே. ஒண்ணு வெடிச்சுக் காட்டுங்க."

துரையே ரைபிளை எடுத்து மண்திட்டில் ஒரு வெடி வைத்தார். சூட்டோடு விழுந்த கூட்டை அம்மா சேலைத் தலைப்பால் எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார். துரை தன் நகத்தை ஓட்டினார். திருப்பித் திருப்பி ஓட்டினார். பிறகு அப்பாவைப் பார்த்து, "நீ வேலைக்குப் போ," என்றார்.

"அப்ப காணாமப் போனது எங்க?" என்று கிளாக்கர் கடைசியாக ஒன்று கேட்டார்.

"புல்லுலதான் கெடக்கும். நான் தேடித் தர்றேங்க," என்றார் அம்மா, என் பக்கம் திரும்பாமல்.

மலையேறும்போது கொழுந்துப் பெண்கள் அவரை விடவில்லை. "டாக்டரம்மா, எங்க வீட்டு அண்டாவுக்கும் ஒரு நாடி பாருங்க!" அன்று பள்ளிக்கூடம் முழுக்க நான் டாக்டரம்மா மகன். அப்படி நெஞ்சை நிமிர்த்தி நான் அதுவரை நடந்ததில்லை.

சாயங்காலம் மலைத் தண்ணீர் விழுகிற பீலியில் துணி துவைத்துக்கொண்டே அம்மா சத்தமாகச் சொன்னார்: "நாளைக்கு விடிஞ்சதும் நாத்துப் பாத்தியில தேடப்போறேன். ரெண்டாவது பாத்தி ஓரத்துலதான் மொதல்ல பாப்பேன்."

எந்தப் பாத்தி என்பதை என்னிடம் எதற்குச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. டின்னைத் திறக்கும் முன்னாலேயே நம்ம கூடு வழுவழுப்பு என்று அவ்வளவு உறுதியாக எப்படிச் சொன்னார் என்பதும் விளங்கவில்லை. என் காற்சட்டைப் பையைத் துழாவிப் பார்த்துத் துவைக்கிறவர் யார் என்று யோசிக்கிற வயதா அது? அம்மா வீணாகத் தேடி அலைவாரே என்பதுதான் என் கவலை.

இருட்டுவதற்குள் தனியாக நாற்றுப் பாத்திக்குப் போனேன். ஊதியைக் கடைசியாக ஒரு தடவை வாயில் வைத்தேன், ஊதவில்லை. சட்டையில் துடைத்து, அம்மா மாதிரியே நகத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன். எங்கேயும் நிற்கவில்லை. இரண்டாவது பாத்தி ஓரத்துப் புல்லில், வாய் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி அதைப் பாதி புதைத்து வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.