சுண்ணாம்பு ஒட்டாத கோடு

மணிமுத்தாற்றில் வெள்ளம் வந்தால் கரையோரத் தெருக்களில் எவ்வளவு உயரம் ஏறும் என்று கணக்கெடுப்பது அப்போது என் வேலை. கருவிகளைவிடச் சுவர்களையே நான் அதிகம் நம்பினேன். வடிந்த நீர் சுவரில் ஒரு பழுப்புக் கோட்டை விட்டுச் செல்லும். ஆனால் நான் போனது பொங்கல் கழிந்த வாரம். எல்லா வீடுகளும் புதிதாக வெள்ளையடித்து நின்றன. ஒரு கோடும் மிச்சமில்லை.

தெருவின் கடைசி வீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவர் கூலிக்கு அறுவடை செய்பவர். அவள் பீங்கான் பட்டறையில் அச்சில் களிமண் கூழ் ஊற்றிப் பொம்மை எடுப்பவள்.

"முழங்காலு வரைக்கும்தான் மேடம் வந்துது. எங்க தெரு நாயி நீந்தக்கூட இல்ல, நடந்தே போச்சு" என்றார் அவர்.

அவள் பீரோவை நகர்த்தினாள். அதன் பின்னால் இருந்த சுவருக்குச் சுண்ணாம்பு எட்டவில்லை. பழைய கோடு என் மார்பளவில் இருந்தது.

அடுத்த கணம் அவர் அவள் தலைமுடியைப் பற்றி முகத்தைப் பீரோவில் மோதினார். "வூட்ட இடிக்க நீயே வழி காட்டுறியா? மேட்டுக்காட்டுல மங்களூர் கிராமத்துப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டாங்கன்னா பட்டறைக்கு எப்பிடிடி போவ? பறந்தா?"

வெள்ளைச் சுவரில் ரத்தம் தெறித்தது. குறுக்கே விழுந்த என் தோளிலும் ஓர் அடி இறங்கியது. அவருடைய அச்சம் பொய்யல்ல. கோடு இடுப்பைத் தாண்டினால் வீடு அபாயப் பட்டியலில் ஏறும். மழைக்கு முன்பே ஆட்களை வெளியேற்றுவார்கள், பின்னர் நிரந்தரமாகவும் இடம் மாற்றக்கூடும். அவர் மறுபடி கையை ஓங்கினார். "முழங்கால் என்றே எழுதுகிறேன், நிறுத்துங்கள்" என்றேன். எழுதினேன். அதை இரக்கம் என்றே நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் ஆறு பெருகியபோது பட்டியலில் இருந்த வீடுகளுக்கு மட்டும் முன்கூட்டியே ஆள் அனுப்பினார்கள். இவர்கள் வீட்டுக்கு யாரும் போகவில்லை. நண்பகலில் தண்ணீர் பின்சுவரைப் பிளந்துகொண்டு புகுந்தது. இடிந்த சுவர் அவருடைய வலக்கையை நசுக்கி அவரை அப்படியே பிடித்துக்கொண்டது. அவர் மூழ்கிவிடாதபடி தலைமுடியைப் பற்றித் தூக்கிப் பிடித்தவாறு, ஆள் வரும்வரை அவள் கழுத்தளவு நீரில் நின்றாள். மருத்துவமனையில் கையை எடுத்துவிட்டார்கள்.

மறுகணக்கெடுப்புக்கு நானே கேட்டுப் போனேன். எஞ்சி நின்ற சுவரில், கழுத்து உயரத்தில், உடைந்த பீங்கான் துண்டுகளை அவள் வரிசையாகப் பதித்திருந்தாள்.

"இதுல சுண்ணாம்பு ஒட்டாதுங்க. எத்தினி பொங்கலுக்கு அடிச்சாலும் துணியால தொடச்சா போயிடும். எழுதுங்க மேடம், அடிக்கிற கை இப்ப இல்ல."

"இடது கை இருக்குதுடி" என்றார் அவர் கட்டிலிலிருந்து.

"இருக்கட்டும். அது ஓங்குனா சோறு யாரு ஊட்டுவா?"

டேப்பைப் பீங்கான் வரிசையில் வைத்தேன். "முதல் தடவை முழங்கால் என்று எழுதியவள் நான்தான்" என்றேன்.

"தெரியுங்க. ரத்தத்தத் தொடச்சிக்கிட்டே பாத்துக்கிட்டுதான் இருந்தேன்." டேப்பின் மறுமுனையை வாங்கித் தரையில் அழுத்திப் பிடித்தாள். "இந்தத் தடவை அளவ சத்தமா படிங்க. அவருக்கும் கேக்கட்டும்."

படித்தேன். கட்டிலில் அவர் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.