எண்ணெய்க் கையும் அலுமினியச் சுருளும்

நூர்னிசாவின் வீட்டுக்காரர் யாசினுக்கு ராஜபாளையம் லேத் பட்டறைக்காரர்கள் வைத்த பெயர் 'எண்ணெய்க் கை'. எந்த இரும்பு சும்மா கிடந்தாலும் சாயங்காலம் அதன்மேல் எண்ணெய் தடவாமல் பட்டறையைச் சாத்த மாட்டார். துரு என்றால் அவருக்கு அவ்வளவு பகை. வீட்டுச் சாவியைக்கூட விட்டுவைத்ததில்லை.

அப்படிப்பட்ட மனுசனுக்கு அலுமினியத்தின்மேல் ஆசை வந்தது. லேத்தில் கடையும்போது விழுகிற சுருளை விற்காமல் மூட்டை மூட்டையாக வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"உலையில போட்டா பாதி கருகி வீணாப் போவும்ட்டி. உருக்காம, நல்லா சூடாக்கி பிரஸ்ல வச்சு சின்ன ஓட்ட வழியா நெருக்குனா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கம்பியா வரும்."

மூட்டைகள் ஏறியது பின்னறையில். அது நூர்னிசா தையல் மெஷின் போட ஆசையாய் ஒதுக்கிய அறை. தளவாய்புரத்துக் கம்பெனிக்கு நைட்டி தைக்கிற அவள், நடைவழியில் மெஷினைப் போட்டுக்கொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் இடிபட்டாள். கம்பியோ வந்தபாடில்லை. பிரஸ்ஸிலிருந்து வந்ததெல்லாம் பரோட்டா மாதிரி அடுக்கடுக்காய்ப் பிய்ந்தது.

"கடைசியா ஒரு தடவ. வரலன்னா அம்புட்டையும் அள்ளிட்டுப் போயிருதேன்" என்று வாக்குக் கொடுத்தார் யாசின்.

நூர்னிசாவே சுருளைச் சோப்புத் தண்ணீரில் அலசி மாடியில் உலர்த்தினாள். மறுநாள் அள்ளப் போனால் விரல் வழுக்கியது. எண்ணெய்! யார் வேலை என்று கேட்கவா வேண்டும்? வாயை மூடிக்கொண்டிருந்தால் அறை தன் கைக்கு வந்துவிடும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"மச்சான், கழுவுன சுருள்ல எண்ணெய் விட்டியளா?"

"துரு ஏறிரக் கூடாதுல்ல..."

"நம்ம அலுமினியச் சட்டியில என்னைக்காவது துரு பாத்தியளா? நடுவுல எண்ணெய் நின்னா எப்படி ஒட்டும்?"

யாசின் தலையில் அடித்துக்கொண்டார். கை பழகிய பழக்கம், அறிவைக் கேட்டா செய்கிறது?

அவளே மறுபடி அலசி, உலர்ந்ததும் பின்னறையில் வைத்துப் பூட்டினாள். மறுநாள் அதைப் பட்டறையில் சூடாக்கி நெருக்கியபோது, பிரஸ்ஸிலிருந்து கம்பி முழுசாய் வந்தது. ஆறியதும் தட்டினால் கணீரென்றது. யாசினுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மூட்டையப் பட்டறைக்குக் கொண்டுபோயிருதேன். ரூம் ஒனக்குத்தான்."

"அங்கன ஒங்க கை சும்மா இருக்குமா? இங்கனயே கெடக்கட்டும். பாதி ரூம் மெஷினுக்கு, பாதி சுருளுக்கு. சாவி எங்கிட்ட."

அன்றே மெஷின் பின்னறைக்கு ஏறியது. கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினாள். அது வழுக்கிக் கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தாள்: பளபளவென்று எண்ணெய். சிரிப்பை அடக்க முடியாமல் அந்தக் கதவிலேயே சாய்ந்துகொண்டாள்.