தேசப்பன் மாட்டிய ஹோல்டர்

கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் தேசப்பன் பாதுகாப்பு மேற்பார்வையாளர். தினமும் காலை ஷிப்டு தொடங்குமுன் நூற்றிருபது பேரை வரிசையில் நிறுத்திப் பேசுவார். மெயினை இறக்காமல் ஒயரைத் தொடாதே. இறக்கிய பிறகும் நம்பாதே, டெஸ்டர் வைத்துப் பார். பேச்சில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆறு வருடமாக ஆலையில் யாருக்கும் ஷாக் அடித்ததில்லை. அடித்தது கவரைப்பேட்டையில், அவர் வீட்டுக் குளியலறையில், அவர் மனைவி பூவம்மாளுக்கு.

செவ்வாய்க்கிழமை அங்கே பல்பு ஃபியூஸ் போனது. பூவம்மாள் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் ஸ்டூலில் ஏறினாள். ஒரு கையால் இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பல்பைக் கழற்றும்போது விரல் ஹோல்டருக்குள் பட்டது. அடுத்த நொடி தரையில் கிடந்தாள். முழங்கையில் வீக்கம், விரல் நுனியில் மிளகளவு கருகல். பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர்.

வீடு திரும்பி அரை மணி நேரம் கழித்து அவளே மன்னிப்புக் கேட்டாள். "என் தப்புதான்யா. ஈரக் கையோட தொட்டுட்டேன். ஊருக்கெல்லாம் நீ சேஃப்டி சொல்ற, உன் மானத்த நான் வாங்கிட்டேன்."

"இனிமே பாத்து செய், பூவு" என்றார் தேசப்பன். அதைச் சொல்ல எப்படி வாய் வந்தது என்று அவருக்கே விளங்கவில்லை.

ஏனென்றால் கால் மணி நேரம் முன்புதான் அந்த ஹோல்டரில் டெஸ்டர் வைத்துப் பார்த்திருந்தார். சுவிட்சு அணைந்திருந்தும் டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அந்த ஹோல்டரை மாட்டியது அவரேதான். கரண்ட் வரும் ஃபேஸ் ஒயர் சுவிட்சு வழியாகப் போயிருக்க வேண்டும். அவசரத்தில் அதை நேராக ஹோல்டருக்கு விட்டு, நியூட்ரலைச் சுவிட்சில் கொடுத்திருந்தார். அப்படிக் கொடுத்தாலும் பல்பு ஒழுங்காக எரியும், ஒழுங்காக அணையும்; ஆனால் அணைத்த பிறகும் ஹோல்டரில் கரண்ட் நிற்கும். தவறு என்று வெளியில் காட்டிக்கொள்ளாத தவறு. இரண்டு வருடமாக அவர் கண்ணிலும் அது படவில்லை.

மறுநாளிலிருந்து பூவம்மாள் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, துடைப்பக் கட்டையால் சுவிட்சுகளைத் தட்ட ஆரம்பித்தாள். வியாழனன்று தேசப்பன் ஆலையில் அவளையே உதாரணமாக்கினார். "தெரிஞ்ச அம்மா ஒருத்தங்க, ஈரக் கையோட..." நூற்றிருபது பேரும் உச்சுக் கொட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை புது ஹோல்டர் வாங்கி வந்தார். டெஸ்டர் வேலை செய்கிறதா என்று ஃபிரிட்ஜ் பக்கத்துப் பிளக்பாயிண்டில் சரிபார்த்தார். மெயினை இறக்கினார். பிறகு ஹோல்டரிலும் சுவிட்சுப் பெட்டியிலும் டெஸ்டர் வைத்து, எரியவில்லை என்று பார்த்தார். ஃபேஸைச் சுவிட்சுக்கு மாற்றினார், நியூட்ரலை நேராக ஹோல்டருக்குக் கொடுத்தார். செம்புக் கம்பி வெளியே தெரியாதபடி முறுக்கித் திருகை இறுக்கினார்.

டார்ச் பிடித்துக்கொண்டு நின்ற பூவம்மாள் சிரித்தாள். "ஒரு ஹோல்டருக்கு இத்தினி பூசையாய்யா?"

"பூவு, உன் கை மேல தப்பு இல்ல. ஒயர மாத்திக் குடுத்தது நான்."

டார்ச் வெளிச்சம் சுவரிலிருந்து அவர் முகத்துக்கு வந்தது.

"எப்ப தெரியும் உனக்கு?"

"அன்னிக்கே."

"தெரிஞ்சிக்கினேதான் என்னைக் கட்டையால சுவிட்சு போட வுட்டியா?"

"சொல்ல வாய் வரல."

"பேக்டரில மட்டும் நல்லா வருதா?"

அவள் டார்ச்சைப் புது ஹோல்டர் மேல் திருப்பினாள்.

"வேற யாரு ஊட்டுல இந்த வேலையப் பாத்துவெச்ச?"

தேசப்பன் திருப்புளியைத் துடைத்தார். தேவைக்கு அதிகமாகவே துடைத்தார். "பக்கத்துல, ஏழுமலை ஊட்டு பாத்ரூம்ல. அதே நாள்ல, இதே மாதிரி."

"எடு டெஸ்டர."

"ஞாயித்துக்கெழமை. தூங்கிக்கினு இருப்பாங்க. வேணா சாயங்காலமா, சும்மா செக் பண்ண வந்தேன்னு..."

"செக்கா? நட."

ஏழுமலை வீட்டுக் கதவை அவளே தட்டினாள். திறந்ததும் ஒதுங்கி நின்றுகொண்டு அவரைப் பார்த்தாள்.

"இன்னாண்ணா காலைல?" என்றார் ஏழுமலை, பல் குச்சியோடு.

"மொதல்ல மெயின எறக்கு" என்றார் தேசப்பன். "உன் பாத்ரூம் ஒயர நான் தப்பா குடுத்துட்டேன்."