றெஜினாவின் முழங்காலும் ரஷ்யக் குன்றும்

மே மாதச் சனிக்கிழமை, மதியம் திரும்பியதும் பேர்லின் வான்சேத் துறையில் கப்பல் ஏறினோம். கப்பல் என்றால் எங்கள் மன்னார்க்காரர் சிரிப்பார்கள். ஏரியில் ஓடும் இரண்டு தட்டுப் படகுதான். என் மனைவி றெஜினாவுக்கு முழங்கால் மாற்றி நான்கு மாதம். "சுகமானால் மலைக்கோயில் ஒண்டுக்கு என்ர காலாலயே ஏறுவன்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே நேர்த்தி வைத்துவிட்டாள். பேர்லினோ தோசைக்கல் மாதிரித் தட்டை. தேடிப் பிடித்தது பக்கத்து ஊரான பொட்ஸ்டாமில் ஒரு குன்று. உச்சியில் ரஷ்யக் கோயில்.

சற்று நேரத்தில் இடக்கரைக் காட்டுக்கு மேலே ஒரு வெங்காயக் குமிழி எட்டிப் பார்த்தது. நிக்கோல்ஸ்கோயே தேவாலயம். பிரஷ்ய அரசர் மகளை ரஷ்யாவில் கட்டிக்கொடுத்தவர். சம்பந்தி வீட்டுச் சாயலில் எழுப்பியிருக்கிறார். றெஜினா அங்கிருந்தே சிலுவை போட்டுக்கொண்டாள்.

பொட்ஸ்டாமில் இறங்கி டிராமில் அலெக்ஸாண்ட்ரோவ்கா போனோம். அரசரின் படையில் பாடிய ரஷ்யச் சிப்பாய்களுக்காகக் கட்டிய குடியிருப்பு அது. மரவீடுகள், சுற்றிலும் பூத்த ஆப்பிள் மரங்கள். அதற்கு அப்பால் குன்று.

பாதி ஏற்றத்தில் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். முகம் வியர்த்திருந்தது. எனக்குப் பயம் பிடித்தது.

"ஏலாட்டி இறங்குவம்" என்று கை நீட்டினேன்.

"கையை எடுங்கோ. நீங்கள் பிடிச்சால் நேர்த்தி செல்லாது."

ஏறியே விட்டாள்.

நேர்த்திக்கு வந்த இடத்தில் சப்பாத்தோடு நுழைவதா? இருவரும் வாசலில் கழற்றி வைத்தோம். பின்னால் வந்த ஜெர்மன்காரர்கள் அதுதான் சட்டமாக்கும் என்று வரிசையாகக் கழற்றினார்கள். மெழுகுதிரி விற்ற ரஷ்யப் பெண்மணி எல்லாக் காலுறைகளையும் பார்த்து, "இங்கே அப்படி வழக்கமே இல்லையே!" என்று வாய்விட்டுச் சிரித்தார். என் காலுறை ஓட்டையால் பெருவிரல் வேறு எட்டிப் பார்த்தது.

மாலைச் செபம் தொடங்கியது. உட்கார வாங்குகள் கிடையாது, எல்லோரும் நின்றபடிதான். வாத்தியமில்லாமல் குரல்கள் மட்டும் எழுந்து கூரையை நிறைத்தன.

"வெளியில போய் இரு" என்று காதில் சொன்னேன். அவள் அசையாமல் கடைசிவரை நின்றாள்.

வாசலில் வழக்கம்போல அவள் காலடியில் குந்தினேன். சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவளுக்குச் சப்பாத்து மாட்டிவிடுவது நான்தான். அவளோ அதற்குள் படியில் காலை ஊன்றி, குனிந்து, இரண்டு நாடாவையும் தானே கட்டி முடித்திருந்தாள்.

"என்ன பாக்கிறியள்? வாங்கோ, வீட்டை போற ரெயினுக்கு நேரமாகுது" என்று முன்னால் இறங்கிப் போனாள்.

எனக்கு ஒரு வேலை போய்விட்டது. இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையையும் இழந்ததில்லை.