லிஃப்ட் வாசலில் வைத்த மூட்டைகள்

சங்கத்தில் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்று என்னிடம் கேட்பவர்களில் பாதிப் பேர், லிஃப்ட்டில் ஏறிக்கொண்டே அதைக் கேட்கிறார்கள். என்னால் பொறுத்துக்கொள்ள முடியாதது அதுதான்.

திருவண்ணாமலையில், கோயிலிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் உட்காருகிறவன் நான். நான்கு மாடிகள், அதற்கு மேல் மொட்டை மாடி. தெருவாசலிலிருந்து மொட்டை மாடி வரை நூற்றாறு படிகள். மூன்று முறை எண்ணிப் பார்த்து நோட்டில் குறித்திருக்கிறேன். தினமும் ஒரு பக்கம் எழுதுவது பல வருடப் பழக்கம்; அன்று நடந்தது, கிழமை, நேரம், அவ்வளவுதான். துணி துவைக்கும் இயந்திரமும் கொடிக்கயிறுகளும் மொட்டை மாடியில் இருக்கின்றன. ஆகவே எல்லா அறைகளின் அழுக்குப் போர்வைகளும் தலையணை உறைகளும் மேலே போயாக வேண்டும், துவைத்தவை கீழே வந்தாக வேண்டும். என் மேசைக்கு நேர் எதிரே இருக்கும் லிஃப்ட் மொட்டை மாடி வரை போகும். அதன் பக்கத்தில் ஒரு பலகை இருந்தது. 'லிஃப்ட் விருந்தினர்களுக்கு மட்டும். பணியாளர்கள் படியைப் பயன்படுத்தவும்.'

அந்தப் பலகையை எழுதியவன் நான். கார்த்திகை தீபம் முடிந்த வாரம், வியாழக்கிழமை மாலை. யாரோ ஒருவர் எங்கள் லாட்ஜுக்கு இணையத்தில் இரண்டே நட்சத்திரம் கொடுத்து, லிஃப்ட்டில் அழுக்குத் துணி நாற்றம் என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். மேனேஜர் அதைப் படித்துவிட்டு என்னிடம் வந்து, "உங்க கையெழுத்து அழகா இருக்கும் சார், ஒரு போர்டு எழுதிக் குடுங்க" என்றார். அழகாகத்தான் எழுதிக் கொடுத்தேன். அந்த ஆறு சொல்லுக்கு மூன்று முறை பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தது நினைவிருக்கிறது.

துணி பார்க்கிற அக்காவுக்கு வலது முழங்கால் போனது பங்குனியில். கீழ்பென்னாத்தூரைத் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து காலை முதல் பஸ்ஸில் வருகிறவர். ஒரே மகள் நர்ஸிங் கடைசி வருடத்தில் இருந்தாள். அரசு மருத்துவமனையில் படி ஏறாதே என்று சொல்லிவிட்டார்கள். அவர் மேனேஜரிடம் லிஃப்ட்டில் போய்க்கொள்ளட்டுமா என்று கேட்டார். கையில் மருந்துச் சீட்டு. எனக்கு மூன்றடி தூரத்தில் நடந்தது அது.

"ஏம்மா, உனக்குன்னு தனியா ஒரு சட்டமா? போர்டப் பாத்தியா இல்லியா?"

"தெனம் தொடைக்கிறதே நான்தான சார்."

"கால் முடியலன்னா வீட்ல ரெஸ்ட் எடும்மா. சித்ரா பவுர்ணமி வரைக்கும் பாக்கறேன். அன்னிக்கு மூட்ட லேட்டா மேல போச்சுன்னா வேற ஆளப் போட்டுக்கறேன். அப்பறம் என்னக் கேக்காத."

சித்ரா பவுர்ணமி என்றால் எங்கள் ஊரில் என்னவென்று சொல்லத் தேவையில்லை. திதி இரண்டு நாளில் விழுந்தால், மலை சுற்றி முடித்த கூட்டம் காலையில் அறையைக் காலி செய்யும். அதே நேரத்தில் அடுத்த கூட்டம் பையோடு வாசலில் நிற்கும். ஒரே காலையில் லாட்ஜ் முழுவதும் ஒருமுறை காலியாகி ஒருமுறை நிரம்பும். முழங்கால் போனவரைச் சோதித்துப் பார்க்க அந்த நாளைத் தேர்ந்தெடுத்ததில் மேனேஜரின் அறிவு முழுவதும் தெரிந்தது.

இரண்டாம் மாடி ரூம் சர்வீஸ்காரர் ஒருவர் இருந்தார். இந்த ஊரில் பிறந்தவர்தான், ஆனால் சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் இருந்துவிட்டு வந்ததால் சென்னைக்காரர் என்று பெயர். ஓட்டல், லாட்ஜ் தொழிலாளர் சங்கத்தின் படிவங்களை வாங்கி வந்தவர் அவர்தான். எங்கள் லாட்ஜில் மேனேஜர் நீங்கலாகப் பதினாறு பேர். பக்கத்து டீக்கடையில் ஒவ்வொருவராகப் பிடித்தார். வாட்ச்மேனைப் பிடித்தபோது நான் அங்கே இருந்தேன்.

"சங்கம்லாம் மில்லுக்காரங்களுக்குப்பா" என்றார் வாட்ச்மேன். "போர்வ மடிக்கறதுக்கு இன்னாத்துக்கு சங்கம்?"

"நீ போர்வ கூட மடிக்கறதில்லயேண்ணா. கேட்டத் தொறக்கற. அதுவும் கார் வந்தாதான்."

"சரி, கையெழுத்துப் போட்டா இன்னா குடுப்பாங்க?"

"ஒண்ணும் குடுக்க மாட்டாங்க. நாம கேக்கசொல்ல நம்ம கூட நிப்பாங்க."

"அவ்ளோதானா?" என்று கேட்டுவிட்டு வாட்ச்மேன் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பல வருடங்களாகப் பல முகங்களில் பார்த்திருக்கிறேன். தனக்குக் கிடைக்கவிருந்த ஒன்றைத் தானே வேண்டாம் என்று தள்ளிவிட்டு, தள்ளியதை சாமர்த்தியம் என்று நினைத்துக்கொள்கிறவனின் சிரிப்பு அது. டீ ஆறிப்போகும் வரை சிரித்தார்.

அடுத்து சென்னைக்காரர் என் பக்கம் திரும்பினார். எட்டு மணி நேர வேலை எப்படி வந்தது, வார விடுமுறைக்கு யார் யார் அடிபட்டார்கள் என்றெல்லாம் மாவட்ட நூலகத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்தவன் நான். ஆனால் வாயில் வந்தது வேறு. "நான் ஆபீஸ் ஸ்டாஃப் ஆச்சே. பாக்கலாம்" என்றேன்.

"நீங்க படிச்சவரு சார். மெதுவாவே பாருங்க" என்றார் அவர்.

ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். சித்ரா பவுர்ணமிக்கு ஆறு நாள் முன்பு, திங்கட்கிழமை மதியம், லாட்ஜுக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் கொட்டகையில் கூட்டம். வேங்கிக்காலிலிருந்து சங்கச் செயலாளர் பழைய ஸ்கூட்டரில் வந்தார். ஓய்வு பெற்றவர், தோளில் துண்டு. வேடிக்கை பார்க்கலாம் என்று நானும் ஓரமாக நின்றேன். அவர் நாற்பது நிமிடம் பேசினார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்; உலகத்துக்கு முப்பது நிமிடம், நாட்டுக்கு ஒன்பது, எங்கள் லிஃப்ட்டுக்கு ஒன்று. பிறகு, பவுர்ணமி முடிந்து நான்காம் நாள் மாலை லாட்ஜ் வாசலில் அரை மணி நேரம் கோஷம் போடுவது என்று அறிவித்தார்.

வேடிக்கை பார்க்க வந்தவனாலும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "அன்னிக்கு மூணு ரூம்தான் புக் ஆயிருக்கு. மேனேஜர் சேர் போட்டு உக்காந்து கேப்பாரு" என்றேன்.

"பவுர்ணமி அன்னிக்குப் பண்ணா பக்தர்களுக்கு இடைஞ்சல்னு கெட்ட பேரு வந்துடும், தோழர்" என்றார் செயலாளர்.

அதுவரை தூணில் சாய்ந்து ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்த அக்கா பேசினார். "எனக்கு அன்னிக்குத்தான் சார் கால் வலிக்கும்."

செயலாளர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப கோஷம் வேணாம்" என்றார். "ரூம காலி பண்ணுங்க, பெருக்குங்க, துணியக் கட்டுங்க. மூட்டைய அந்தந்த மாடியில லிஃப்ட் வாசல்ல வெச்சுடுங்க. தூக்காதீங்க. யாரையும் எதுத்துப் பேசாதீங்க. கேட்டா என் நம்பரக் குடுங்க."

அவரைப் பற்றி எழுதுவதற்கென்று நான் சேர்த்து வைத்திருந்த வாக்கியங்களில் பாதியை அன்றிரவு நோட்டில் எழுதாமல் விட வேண்டியதாயிற்று. நாற்பது நிமிடம் வீணடித்த அதே வாயிலிருந்துதான் அந்த யோசனையும் வந்தது. நான் படித்த புத்தகங்களில் எதிலிருந்தும் எனக்கு அது தோன்றவில்லை. பத்தாவது கையெழுத்தை அங்கேயே போட்டேன். அதில் பெருமை ஒன்றும் இல்லை. ஒன்பது பேர் முன்னால் நின்ற பிறகு பத்தாவதாக நிற்க எந்த வீரமும் வேண்டியதில்லை.

அந்த வருடம் திதி இரண்டு நாளில் விழுந்தது. இரண்டாம் நாள் காலை ஒன்பதே கால். என் மேசைக்கு முன்னால் பையும் குழந்தைகளுமாக ஆந்திராவிலிருந்து வந்த குடும்பங்கள் நின்றன. மேனேஜர் மாடிக்குப் போய்விட்டு வேகமாக இறங்கி வந்தார்.

"இன்னாது அது?"

"மூட்ட சார்" என்றார் சென்னைக்காரர்.

"தெரியுது. ஏன் அங்க இருக்குது?"

"லிஃப்ட்டுக்கு வெயிட் பண்ணுது சார்."

மேனேஜர் அக்காவைப் பார்த்தார். அக்கா கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார். "ஏம்மா, வேல வேணுமா வேணாமா உனக்கு?"

"வேணும் சார். கட்டி வெச்சுட்டேன் சார்" என்றார் அவர். குரல் நடுங்கியது. கையெழுத்துப் போட்ட எல்லோரும் வந்து அவருக்குப் பின்னால் படிகளில் நின்றார்கள். நானும் மேசையை விட்டு எழுந்து நின்றேன். அதற்கு மேல் செய்ய எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

மேனேஜர் வாட்ச்மேனைக் கூப்பிட்டார். கேட்டைத் தவிர வேறு எதையும் தூக்காத அந்த மனிதர், முதல் மாடி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். மேனேஜரே இன்னொரு மூட்டையை எடுத்தார். லிஃப்ட் பக்கத்தில் காலியாக நின்றது. தான் போட்ட போர்டைத் தானே மீறினால் சிரிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் படியில் ஏறினார். ஒன்பது இருபத்தெட்டுக்குக் கிளம்பியவர் மூன்றாம் மாடித் திருப்பத்தில் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார் என்று மேலிருந்து வந்த ஒரு விருந்தினர் சொன்னார். அவரை அங்கே பார்த்துவிட்டு லிஃப்ட்டில் இறங்கி வந்த தெலுங்குப் பாட்டியம்மாள் ஒருவர், "லிஃப்ட் சும்மா உந்தி, சும்மாதானே இருக்கு. அதில ஏன் போடல?" என்று என்னைக் கேட்டார். யாருடைய மூக்கைக் காப்பாற்ற அந்தப் போர்டு மாட்டப்பட்டதோ அவரே கேட்கிறார். எதிரே என் கையெழுத்தில் இருந்த போர்டைக் கைகாட்டினேன்.

பத்தரைக்கு மேனேஜர் செயலாளரின் நம்பரை வாங்கிப் போன் செய்தார். அந்தப் பக்கம் என்ன பேசினார்கள் என்று தெரியாது; இந்தப் பக்கம் "சரிங்க" மட்டும் ஏழு முறை கேட்டது. பிறகு முதலாளிக்குப் போன். பதினொன்று நாற்பதுக்கு என்னிடம் வந்து, முகத்தைப் பார்க்காமல், "காலைல எட்டுலேர்ந்து சாயந்தரம் நாலு வரைக்கும் ஸ்டாஃபும் போலாம்னு ஒரு போர்டு எழுதிடுங்க" என்றார். இந்த முறை பென்சில் கோடெல்லாம் போடவில்லை. கோணலாகத்தான் வந்தது.

மை காயும் முன் லிஃப்ட்டில் முதலில் ஏறியவர் வாட்ச்மேன். மொட்டை மாடி நிழலில் சாப்பிட, டிபன் கேரியரோடு போனார். லிஃப்ட் இறங்கி வரும் வரை அக்கா மூட்டையோடு காத்திருந்தார். எந்த பட்டன் என்று காட்டப் போனேன். "தெனம் தொடைக்கறது நான்தான சார்" என்றார்.

இதற்குப் பிறகு சங்கத்தார் வந்து போட்டோ எடுத்தார்கள். செயலாளருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் படத்தில் அக்கா இல்லை. அவர் மேலே துணி உலர்த்திக்கொண்டிருந்தார். படத்தின் நடுவில், துண்டுக்கும் பொன்னாடைக்கும் இடையில், வாட்ச்மேன் இருக்கிறார்.

ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் லிஃப்ட் நின்றுவிட்டது. மேனேஜர் முகத்தில் பல வாரங்களாகக் காணாத வெளிச்சம். "மெஷினு ரிப்பேரு. நான் இன்னா பண்ண முடியும்? இன்னிக்குப் படியில போங்க" என்றார். பதிவேட்டைப் பின்னால் புரட்டிப் பார்த்தேன். இதற்கு முன் லிஃப்ட் நின்றபோது வேலூரிலிருந்து மெக்கானிக் வந்து சேர்ந்தது மூன்றாம் நாள்.

அக்கா மூட்டையை லிஃப்ட் வாசலில் இறக்கி, அதன் மேல் உட்கார்ந்தார். "வரட்டும் சார். நான் இருக்கேன்." இந்த முறை குரலில் நடுக்கம் இல்லை. மற்றவர்களும் தங்கள் மூட்டைகளை வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். மேனேஜர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார். அப்போது மணி ஒன்பது இருபது. மெக்கானிக் வந்து நின்றபோது மணி பன்னிரண்டே கால்.

அந்த மூன்று மணி நேரமும் எல்லாரையும் விட வசதியாக, இரண்டு மூட்டைகளைச் சேர்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தவர் வாட்ச்மேன். நான் மேசை இழுப்பறையிலிருந்து படிவத்தை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"சேந்தா இன்னா சார் கெடைக்கும்?"

"இப்ப உக்காந்திருக்கீங்களே, அது."

அவர் நிஜமாகவே யோசித்தார். "இது சும்மாவே கெடைக்குதே" என்றார்.

லிஃப்ட் சரியானதும் முதலில் உள்ளே போனவரும் அவர்தான். அக்கா பின்னாலேயே போனார். மூட்டையின் ஒரு முனையை அவர் கையில் திணித்து, "புடிங்க" என்றார். வாட்ச்மேன் பிடித்தார். கதவு மூடிக்கொண்டது.