ஹம்சியா கேட்டதும் நான் சொன்னதும்

நான் பொய் சொன்னேன். ஒருத்தி தமிழில் கேட்டதை ஆங்கிலத்தில் வேறொன்றாக மாற்றிச் சொன்னேன். அவளுடைய வேலை போனது அதனால்தான். என் கணவருக்குக்கூட இது தெரியாது. உங்களுக்கு என்னைத் தெரியாது என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

இலங்கையில் கற்பிட்டிப் பக்கம், நண்டுச் சதை எடுத்து ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலையொன்றில் எனக்கு வேலை. அதை ஒரு வெளிநாட்டுக் கம்பனி வாங்கியது. அவர்களுடைய சுகாதார விதிகளும் கூடவே வந்தன. சதை எடுக்கும் பெண்கள் திரும்பத் திரும்பக் கிருமி கொல்லும் மருந்துத் தண்ணீரில் கையை முக்க வேண்டும். அனுப்பிய சதை திரும்பி வந்துவிடுமோ என்ற பயத்தில், எங்கள் மனேஜர் மருந்தை அளவுக்கு மிஞ்சிக் கலக்கச் சொன்னார்.

எனக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும். அதனாலேயே மேற்பார்வையாளரானேன். புதிய முதலாளி வந்த அன்று ஹம்சியாவின் மேசையருகே நின்று, ஏதும் குறையுண்டா என்று கேட்டார். என்னை அக்கா முறை வைத்து ராத்தா என்றே கூப்பிடும் அவள், என் பக்கம் திரும்பினாள்.

"ராத்தா, கை எரியுது. அந்த மருந்தக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்க. புள்ளைக்குச் சோறு ஊட்டவும் ஏலாமக் கிடக்கு."

மனேஜர் என்னையே பார்த்தார். குறை சொன்னால் தொழிற்சாலையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று காலையில்தான் எச்சரித்திருந்தார். போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு விரட்டப்பட்டு வந்து, தகரக் கொட்டிலில் வளர்ந்தவள் நான். அரைவாசி கட்டிய வீடு கண்ணுக்குள் நின்றது... பயம்தானா? பயம் மட்டுமா? பதவியும் இனித்ததே!

"வேலை தந்ததற்கு நன்றி சொல்கிறாள்" என்றேன்.

முதலாளி நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். ஹம்சியா அதைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டாள். பாவி நான், அவளுடைய சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எப்ப ராத்தா மாத்துவாங்க?" என்று அடிக்கடி கேட்பாள். மேலிடத்துப் பதில் வரவேண்டும் என்பேன். நம்பிப் பொறுத்தாள். தோல் உரிந்தது. விரலிடுக்கெல்லாம் புண்ணானது. புண்பட்ட கை உணவைத் தொடக்கூடாது என்பதும் அதே விதிகளில் ஒன்று! நாளைக்கு வரவேண்டாம் என்று அவளிடம் சொன்னதும் நானே.

அடுத்த முறை வந்த முதலாளி தொட்டித் தண்ணீரை முகர்ந்து பார்த்து முகஞ்சுளித்தார். இதை ஏன் எவரும் தன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார். அன்று மாலையே மருந்தைக் குறைத்தார்கள். பிறகு கையுறைகளும் வந்தன. தொழிற்சாலை எங்கும் போகவில்லை.

ஹம்சியாவின் கைதான் ஆறவில்லை. சவர்க்கார நுரை பட்டாலே தோல் வெடிக்கிறது. வேறு வேலையும் அமையவில்லை. போன நோன்பில் கஞ்சி கொண்டுவந்தாள்.

"வேல கெடைக்காட்டி என்ன ராத்தா... நீங்க எனக்காக மொதலாளிட்டக் கதைச்சீங்களே. அத நான் மறக்கமாட்டன்."

பிறகு என் வாசலில் நின்று, கையேந்தி, எனக்காக இறைவனிடம் துஆக் கேட்டாள். வெடித்த உள்ளங்கைகள் என் முகத்துக்கு நேரே விரிந்திருந்தன...

நான் ஆமீன் சொன்னேன்.